வீட்டுப் பாத்தி

சண்முகவள்ளியின் கொட்டகையில் ஒரு பேட்சுக்கு நாலாயிரம் கறிக்கோழி வளரும். அதில் ஒரு துண்டுகூட அவள் வீட்டுச் சட்டிக்குள் போனது கிடையாது. கம்பெனிக்காரன் குஞ்சு கொண்டுவந்து இறக்குவான், தீவனமும் மருந்தும் அவனே கொடுப்பான், ஒன்றரை மாதம்கூட ஆகாது, லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவான். வளர்த்துக் கொடுப்பது மட்டும்தான் இவள் வேலை. "அத எப்படி வளக்குறோம்னு பாத்தவ எவளாச்சும் வாயில வைப்பாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அப்படியானால் அதைத் தின்கிறவர்கள் யார் என்று கேட்டால், "டவுன்காரங்க" என்பாள், ஏதோ டவுன்காரர்களுக்கு வேறு மாதிரி குடல் இருப்பது போல.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. செம்பட்டிக்குத் தெற்கே அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாரும் அப்படித்தான். தக்காளி போடுகிறவர் மார்க்கெட்டுக்குப் போகிற தக்காளிக்கு வாரம் தவறாமல் மருந்தடிப்பார். வீட்டுக்கென்று வரப்போரமாக நாலு செடி ஒதுக்கி, அந்தப் பக்கம் ஸ்பிரேயரைத் திருப்பவே மாட்டார். அதற்கு வீட்டுப் பாத்தி என்று பெயர். கத்திரிக்காய்க்காரருக்கும் ஒன்று உண்டு, அவரைக்காய்க்காரருக்கும் ஒன்று உண்டு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லிவைத்த புண்ணியவான் இந்த ஊர்ப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. இதில் ஒளிவுமறைவும் கிடையாது. விருந்தாளி வந்தால் "இது வீட்டுப் பாத்திக் கத்திரிக்கா, பயப்படாமச் சாப்பிடுங்க" என்று சொல்லித்தான் இலையில் வைப்பார்கள். விருந்தாளியும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுச் சாப்பிடுவார்.

சண்முகவள்ளிக்கு ஒரே மகள், பானுப்ரியா. வேடசந்தூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை முகேஷ்குமாருக்கு நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை, தங்கமான பையன். அவனைப் பெற்ற குருவம்மாளுக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். பானுப்ரியாவுக்கு முதலில் உண்டான கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் குருவம்மாள் சொன்னாள்: "கண்ட கடையில கண்ட கோழியத் தின்னா வயித்துல எது தங்கும்?" பானுப்ரியா அப்படி ஒன்றும் தின்றுவிடவில்லை. ஆனால் பழி என்பது ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

மறுபடி உண்டானது. அஞ்சாம் மாதம் தாண்டியதும் சண்முகவள்ளி ஒரு முடிவுக்கு வந்தாள். வளைகாப்புப் போட்டு மகளை வீட்டுக்குக் கூட்டிவந்தால், அவள் வாயில் கடைப் பண்டம் ஒன்றுகூடப் படக்கூடாது. கொட்டகைக்குப் பின்னால் தொட்டியடியில் சும்மா கிடந்த இடத்தைக் கொத்திப் பாத்தி கட்டினாள். கொத்தமல்லி, சின்ன வெங்காயம், வெள்ளரி, தக்காளி எல்லாம் போட்டாள்.

அந்தப் பேட்ச் கோழி அப்போதுதான் லாரி ஏறியிருந்தது. பாடாய்ப் படுத்திய பேட்ச் அது. குஞ்சுகள் சோர்ந்து சோர்ந்து படுத்து, வெள்ளையாகக் கழிந்து, தினம் ஒரு கூடை செத்தது. கம்பெனி சூப்பர்வைசர் பழனிக்குமார் பைக்கில் வந்து ஒரு பவுடர் கொடுத்து, "தண்ணி டேங்க்ல கலந்து விடுங்கக்கா" என்றான். அதில் கேட்கவில்லை. வேறொரு பவுடர் கொடுத்தான். அதிலும் பாதிதான் கேட்டது. மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்து, "இது ஸ்ட்ராங்கு, இதுல நின்னுரும்" என்றான். நின்றது. இவள் சாவு நின்றதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கோழி போன பிறகு கொட்டகையில் மிஞ்சுவது எருதான். உமியும் எச்சமும் சேர்ந்து கெட்டிப்பட்டுக் கிடக்கும். தென்னந்தோப்புக்காரர்கள் டிராக்டரோடு வந்து வாங்கிப் போவார்கள். அள்ளி முடித்த சூட்டோடு சண்முகவள்ளி நாலு கூடையைத் தன் பாத்திக்குக் கொண்டுபோனாள். புருஷன் சுருளிவேல் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"ஏய், அத ஆறப் போடு. புது எரு சூடு. செடியக் கருக்கிப்புடும்."

"ரெண்டு தண்ணி சேத்து விட்டா சூடு தணிஞ்சிட்டுப் போகுது. நீங்க உங்க சோலியப் பாருங்க."

தணிந்தது. செடி ஒன்றுகூடக் கருகவில்லை. சுருளிவேலுக்கே வாய் அடைத்துப்போகிற மாதிரி கொத்தமல்லி கும்மென்று வளர்ந்து நின்றது. "மருந்து ஒரு பொட்டுக் கிடையாது, மூட்டை உரம் கிடையாது, வெறும் கோழி எருதான்" என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

வளைகாப்பு வேடசந்தூரில் நடந்தது. வளையல் குலுங்க மகள் காரில் ஏறும்போது குருவம்மாள் வந்து சண்முகவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் சொந்தபந்தம் நின்றது. "மதினி, இந்தவாட்டி புள்ளைய முழுசாக் குடுத்துருங்க" என்றாள். கேலியாகச் சொன்னாளோ கெஞ்சலாகச் சொன்னாளோ தெரியாது, சண்முகவள்ளிக்கு ஈரக்குலை எரிந்தது. மகளும் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இந்த வாசலில் வந்து இறங்க வேண்டும். அதன்பிறகு இவள் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் பானுப்ரியாவுக்கு ராஜவைத்தியம்தான். காலையில் வெறும் வயிற்றில் கொத்தமல்லியை அரைத்துப் பிழிந்த சாறு. பதினோரு மணிக்கு வெள்ளரிப்பிஞ்சு. மத்தியானச் சோற்றுக்கு வெஞ்சனம் எதுவாக இருந்தாலும் பக்கத்தில் பச்சை வெங்காயமும் தக்காளியும் அரிந்து தயிரில் போட்டது. வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்று செல்போனில் யாரோ பேசியதை அவள் கேட்டிருந்தாள். கொட்டகையில் அடுத்த பேட்ச் குஞ்சுகளின் தண்ணி டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, அதே தொட்டியில் கையை அலம்பிக்கொண்டு, அதே தொட்டியில் கொத்தமல்லியையும் அலசிக்கொண்டு வருவாள்.

"அம்மா, ஒரே ஒரு நாளைக்கு பரோட்டா வாங்கித் தாம்மா. பச்ச பச்சயாத் தின்னு ஆடு மாதிரி ஆயிட்டேன்" என்று மகள் கெஞ்சுவாள்.

"வாயக் கட்டு தங்கம். பெத்து எந்திரிச்சதும் பரோட்டாக் கடையவே வாங்கித் தாரேன்."

எட்டாம் மாதம் பிறந்ததும் ஒரு நாள் பானுப்ரியா சொன்னாள், "ஒண்ணுக்குப் போனா எரியுதும்மா." வெயில் காலம். உடம்புச் சூடு என்று சண்முகவள்ளி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை, அந்த ஊரில் எந்தத் தாயும் அப்படித்தான் நினைத்திருப்பாள். சூட்டுக்கு மருந்து என்ன, வெள்ளரிப்பிஞ்சு. அன்றைக்கு மடி நிறையப் பறித்துவந்து கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். அதற்கடுத்த நாள் மகளுக்குக் குளிர் கண்டு தூக்கித் தூக்கிப் போட்டது. செம்பட்டி டாக்டர் கொடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்குகிற மாதிரி இறங்கி மறுபடி ஏறியது. இடுப்பு வலிக்கிறது என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும் சுருளிவேல் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷைனி என்று ஒரு சின்ன வயதுக்காரி பார்த்தாள். அதிர்ந்து பேசாதவள், எதையும் மறைத்தும் பேசாதவள். சிறுநீரில் கிருமி இருக்கிறது, அது கிட்னிக்கு ஏறி இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றாள். ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. வேறு ஊசி போட்டார்கள். அதற்கும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாள் முந்தி வலி எடுத்து ஆண் குழந்தை பிறந்தது. பூனைக்குட்டி அளவுதான் இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாயைச் சொருகினார்கள். தலைமுடி மட்டும் கருகருவென்று இருந்தது. முகேஷ்குமார் கண்ணாடிக்கு வெளியே நின்று, "எங்கப்பா மூக்கு" என்றான். குழந்தைக்கும் அதே கிருமிதான்.

மறுநாள் டாக்டர் ஷைனி சண்முகவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"கிருமிய வளத்துப் பாத்தோம்மா. வழக்கமாக் குடுக்கிற மருந்து எதுவும் இத ஒண்ணும் பண்ணல. இப்பப் போட்டிருக்கிறது கடைசி மருந்து. உங்க பொண்ணு தாங்கிருவான்னு நெனைக்கிறேன். குழந்தையப் பத்தி என்னால உறுதியாச் சொல்ல முடியல. நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"கோழிப்பண்ணை, டாக்டரம்மா."

"கோழிக்கு மருந்து குடுப்பீங்களா?"

"குடுப்போம். கம்பெனிக்காரன் தருவான், தண்ணில கலந்து விடுவோம். ஒண்ணுல கேக்காட்டி இன்னொண்ணு."

"அந்தக் கோழிய வீட்ல சாப்டுவீங்களா?"

அந்த நேரத்திலும் சண்முகவள்ளிக்கு முதுகு நிமிர்ந்தது. "ஒரு துண்டு தொட மாட்டோம். காய்கூட கடையில வாங்குறதில்ல. என் மகளுக்குன்னே தனிப் பாத்தி போட்டு, பச்சையாப் பறிச்சுக் குடுத்தேன். மருந்து கிடையாது, உரம் கிடையாது, வெறும் கோழி எரு..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். எரு எத்தனை நாள் ஆறியது என்று கேட்டாள். ஆறவே இல்லை என்றாள் இவள். பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மருந்து குடித்த கோழியின் குடலில் அந்த மருந்துக்கெல்லாம் சாகாத கிருமிதான் மிஞ்சும்; எச்சத்தில் அதுதான் வெளியே வரும்; எருவை முறையாகக் குவித்து மாதக்கணக்கில் மக்க வைத்தால் பெரும்பாலும் செத்துப்போகும்; பச்சை எருவில் உயிரோடு கிடக்கும்; இலையில் ஒட்டும்; பச்சையாகத் தின்றால் உள்ளே போகும்.

"அப்ப... நான் குடுத்ததுதானா?"

"அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இந்த மாதிரிக் கிருமி கடைச் சாப்பாட்லயும் இருக்கு, ஆஸ்பத்திரிலயும் இருக்கு. இருக்கலாம்னுதான் சொல்றேன். ஊர்ல யாருக்கும் அந்தப் பாத்தியில இருந்து குடுக்காதீங்க."

இருக்கலாம் என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சண்முகவள்ளி வெளியே வந்து வராண்டாவில் உட்கார்ந்தாள். இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம் அல்லவா. அப்படி நினைத்துத் தேறிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று முகம் சுளித்த மகளின் வாயில் தம்ளரை வைத்து அழுத்தியது அவள் கைதான், அதற்கு யாரும் கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. சுருளிவேலிடம் சொன்னாள். அவர் அவள் பக்கமே திரும்பாமல், "டாக்டரே உறுதியாத் தெரியாதுங்குது. நீயா ஏன் வாயக் குடுக்கிற? பேசாம இரு" என்றார். அவருக்கு மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. கொட்டகை மேல் பேங்குக் கடன் இருந்தது.

குழந்தை அதற்கடுத்த நாள் விடியற்காலையில் செத்துப்போனது. துணியில் சுற்றி முகேஷ்குமார் கையில் கொடுத்தார்கள். வேடசந்தூருக்கு எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தவன், அம்மாவிடம் அழுதுகொண்டே வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டான். வளைகாப்புக்கு முந்தி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிற வழியில், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பானுப்ரியா ஆசைப்பட்டாள் என்று சில்லி சிக்கன் ஒரு பிளேட் வாங்கிக் கொடுத்திருந்தான்.

அவ்வளவுதான். குருவம்மாளுக்கு வேறென்ன வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்று வார்டு வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டாள். "நாக்க அடக்க மாட்டாம என் பேரனத் தின்னுட்டாளே!"

உள்ளே படுத்திருந்தவளுக்கு அது கேட்டது. சண்முகவள்ளி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், ஊசி குத்திய கையால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "நீ அம்புட்டுப் பாத்துப் பாத்துக் குடுத்தியேம்மா. நான்தான் தெரியாமத் தின்னுட்டேன். ஒரு பிளேட்டும்மா, அதுலயும் பாதி அவருதான் தின்னாரு. என் புள்ளைய நானே கொன்னுட்டேன்."

பேசாமல் இருந்திருக்கலாம். புருஷன் சொல்லியிருந்தார், டாக்டரும் இருக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். மகள் அழுது ஓய்வாள், நாளடைவில் மறப்பாள், அடுத்த பிரசவத்துக்கும் தாய் வீடு வருவாள். இதெல்லாம் சண்முகவள்ளியின் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் செத்தது பேரன், படுத்துக் கிடப்பது மகள். செய்யாத கொலையை அவள் ஆயுசுக்கும் சுமப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பது?

"நீ இல்லத்தா" என்றாள். "நாந்தான்." டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். பவுடரைச் சொன்னாள், எருவைச் சொன்னாள், தொட்டித் தண்ணீரைச் சொன்னாள், எரிகிறது என்றபோது மடி மடியாகப் பறித்துக் கொடுத்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மகளின் பிடி தளர்ந்தது. கடைசியில் சேலையை விட்டுவிட்டாள்.

"வேணாம் வேணாம்னு சொன்னேனேம்மா" என்றாள் பானுப்ரியா. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி சண்முகவள்ளி கொண்டுவந்த இட்லியை அவள் தொடவில்லை. குருவம்மாள் கேண்டீனில் வாங்கிவந்த பன்னைப் பாலில் நனைத்துத் தின்றாள். வெந்த இட்லியில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்த சண்முகவள்ளி, அதை மூடி எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள்.

பானுப்ரியாவுக்கு உடம்பு தேற மேலும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் சண்முகவள்ளி வராண்டாவில்தான் கிடந்தாள். சுருளிவேல் ஒருவழியாகப் பாத்தியைக் கொத்திப் புரட்டிவிட்டார். கொட்டகைக்கு மட்டும் புதுக் குஞ்சு இறக்கிக்கொண்டார். பிள்ளை தங்கினாலும் தங்காவிட்டாலும் பெற்றவள் உடம்பு தேற தாய் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதுதான் முறை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிற அன்றைக்குக் காலையில் குருவம்மாள்கூட, "மதினி, ஒரு மாசம் வச்சிருந்து உடம்பத் தேத்தி அனுப்புங்க" என்றாள். சண்முகவள்ளி முந்தின நாள் மட்டும் ஊருக்குப் போய் வீட்டைக் கழுவிவிட்டு, மகளுக்குக் கட்டிலில் புதுப்போர்வை விரித்துவிட்டு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் முகேஷ்குமார் வாடகைக் கார் கொண்டுவந்து நிறுத்தினான். பானுப்ரியா யார் தோளையும் பிடிக்காமல் நடந்து வந்து பின்சீட்டில் ஏறினாள். "நான் வேடசந்தூருக்கே வாரேன் அத்தை" என்றாள்.

குருவம்மாளுக்கே ஆச்சரியம். அவளும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள், ஆனால் சும்மா உட்காரவில்லை. "வா, வா. ஆனா எங்க வீட்ல அந்தக் கோழி கீழியெல்லாம் கனவுலயும் நினைக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன். ஒரு உசுரத் தின்னது போதும்" என்றாள்.

சண்முகவள்ளி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். சுருளிவேல் பின்னாலிருந்து இழுத்த கையை உதறினாள். "மதினி, அவ மேல ஒரு தப்பும் இல்ல. என் கொட்டகை எருவுல இருந்த கிருமி. நாந்தான் பச்சையா ஊட்டுனேன். டாக்டரக் கேளுங்க. உங்க பேரனுக்கு எமனா வந்தவ நாந்தான்" என்று ஆஸ்பத்திரி வாசல் கேட்கச் சொன்னாள்.

குருவம்மாள் அவளைப் பார்த்தாள். முதல் தடவையாக அந்த முகத்தில் இரக்கம் வந்தது. எட்டி அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். "பெத்த மனசு மதினி. மகள விட்டுக்குடுக்க முடியாமப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறீங்க. எருவுல போயி என்ன இருக்கு? நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து எருவப் போட்டுத்தானே திங்கிறோம்? இந்த அருமை அவளுக்குத் தெரியலயே" என்றாள்.

சண்முகவள்ளி மகளைப் பார்த்தாள். சுருளிவேல் வாயைத் திறக்க மாட்டார்; அவரை விட்டால் அந்த வாசலில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "நீயாச்சும் சொல்லுத்தா" என்று கெஞ்சினாள்.

பானுப்ரியா அம்மாவை நேராகப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, "போவோம் அத்தை" என்றாள்.